பிஞ்சை விட்டுவைத்த விளையாட்டு

வீடியோ விளையாட்டுக்கு வசனம் எழுதுவது என்பது, ஒரு பொத்தானை அழுத்தித் தாண்டிப் போவதற்கென்றே வாக்கியங்களைச் செய்து கொடுக்கும் தொழில்.

சுற்றறிக்கை எழுதியவர்கள், சங்கக் கூட்டத்துக்கு வரவேற்புரை தயாரித்தவர்கள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளை எழுதியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மதுரையில் இலக்கியம் படித்துவிட்டு, போடியில் ஓர் அலுவலகத்தில் முப்பது வருஷம் யாரும் படிக்காத கடிதங்களை எழுதி ஓய்வு பெற்றவள் நான். வீட்டுக்காரர் காலமான பிறகு வீட்டில் குக்கர் விசில் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயதில் இந்த இரண்டாவது உத்தியோகம் வந்தது.

ராசிங்காபுரத்துச் சிநேகிதியின் மகள் யாழினி, ஜப்பானில் ஒரு விளையாட்டு நிறுவனத்தில் புரோகிராம் எழுதுகிறாள். அவளுடைய மேலதிகாரி செகிமோட்டோ, எழுபத்தொரு வயது; நாற்பது வருஷத்துக்கு மேலாக விளையாட்டு செய்தே வாழ்ந்தவர். கடைசியாக ஒன்று, அதை ஏலமலையில்தான் செய்வேன் என்று ஆடிக் காற்றில் அவளையும் அழைத்துக்கொண்டு போடிக்கு வந்து இறங்கினார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கவும், விளையாட்டுக்குள் வருகிற மனிதர்களுக்குத் தமிழில் பேச்சு எழுதவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. யாழினி என்னைக் கைகாட்டிவிட்டாள்.

கொக்குக்கு இரண்டு படம்

முதல் வேலையாக, போடிமெட்டில் பனி இறங்குவதைப் பார்த்து ஒரு பெண் சொல்லும் வசனத்தைக் கேட்டார். எட்டு வரி எழுதினேன். பனி மலையை மெல்ல விழுங்குவதும், மரங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுவதும் அதில் இருந்தன. நானே இரண்டு முறை படித்து ரசித்துக்கொண்டேன். யாழினி ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "நல்ல பனி. ஆனால் மூன்றாவது வரியிலேயே பொத்தானை அழுத்திவிடுவார்கள்" என்றார். நான்கு வரியாக்கினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டல் எந்த நாட்டிலும் ஒரே பொருள் உள்ளதுதான்.

பிறகு தன் முதல் விளையாட்டைப் பற்றிச் சொன்னார். ஒரு கொக்கு குளத்தில் மீன் பிடிக்கும். அந்தக் காலத்து இயந்திரத்தில் கொக்கின் சிறகுக்கு இரண்டே இரண்டு படத்துக்குத்தான் இடம் இருந்ததாம். சிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று. நடுவில் நடக்கிற பறத்தல் முழுவதும் ஆடுகிறவர் மனசிலேயே நடந்தது. நான் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் அடித்து அடித்து, "மூடுபனி. என் கையையே காணோம்" என்று கொண்டுவந்தேன். அவர் தன் கையை நீட்டி ஒரு கணம் பார்த்துக்கொண்டார். "இப்போது சரி. மிச்சம் ஆறு வரியை விளையாடுகிறவர் எழுதிக்கொள்வார். அவருக்கு நாம் சம்பளமும் தர வேண்டாம்."

ஹாரன் இல்லாத வளைவு

மலைக்கு ஏறும் ரோட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. தேவாரம் ஊர்ப் பெண்களைத் தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிப் போகும் முருகேசனின் ஜீப்பில்தான் நாங்களும் போவோம். விளையாட்டு தொடங்குவதும் ஒரு ஜீப்பில்தான். அதை முதலில் முருகேசனே ஓட்டிப் பார்க்கட்டும் என்று, செகிமோட்டோ வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துக் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தாள் யாழினி. முதல் வளைவு வரைக்கும் அழகாகப் போனவர், அங்கே நிறுத்திவிட்டார். இயந்திரம் மாட்டிக்கொண்டதோ என்று யாழினி எட்டிப் பார்த்தாள்.

"ஹாரன் எங்க பாப்பா?"

"ஹாரன் இல்லண்ணே. சும்மா திருப்புனா போதும்."

"மேல இருந்து லோடு வண்டி வந்தா?"

"இதுல எதிர்ல வண்டியே வராதுண்ணே."

"வராதுன்னு ஒனக்குத் தெரியும். பின்னால ஒக்காந்திருக்கிற பொம்பளையாளுகளுக்குத் தெரியுமா? பயந்துற மாட்டாங்க?"

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் செகிமோட்டோ நோட்டை எடுத்து ஏதோ கிறுக்கினார். மறுநாள் ஹாரன் வந்துவிட்டது. முருகேசன் பதினேழு வளைவுக்கும் விடாமல் அடித்துக்கொண்டே ஏறினார். பக்கத்து வீட்டுக்காரர், ஜீப்பு கிளம்புதா, பேத்தியைக் குமுளிக்கு அனுப்பணும் என்று கேட்டு வந்துவிட்டார். எல்லாம் முடிந்து வாசல் வரை போன முருகேசன் திரும்பி வந்தார். முகத்தில் கவலை. "அய்யாகிட்டச் சொல்லுங்கம்மா. ஆட்டத்துல ஆனை நிக்கிற எடத்துல மட்டும் அந்த ஹாரன் வேலை செய்யாத மாதிரி வச்சிருங்க. வெவரந்தெரியாத பய எவனாவது அமுக்கிட்டான்னா, வண்டியில இருக்கிற சனத்துக்கு யாரு பதில் சொல்றது?"

ஒரு ஜோடிக் கை, மூன்று மணி நேரம்

ஏலச்செடி ஆளைவிட உயரமாக நிற்கும். ஆனால் காய் இருப்பது காலடியில். அடித்தண்டிலிருந்து சரம் சரமாகத் தரையில் படர்ந்து கிடக்கும். அதனால் காயெடுக்கிறவர்கள் நிற்பதே இல்லை. செடிக்குச் செடி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்வார்கள். பேச்சியம்மாள் அப்படி முப்பது வருஷமாக நகர்ந்துகொண்டிருப்பவள். முருகேசனின் ஜீப்பில் வருகிற பெண்களுக்கெல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். செகிமோட்டோ அவள் எதிரில் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, செடியையும் பார்க்கவில்லை. அவள் விரல்களையே பார்த்துக் கட்டம் போட்ட நோட்டில் மூன்று மணி நேரம் வரைந்துகொண்டிருந்தார்.

"யக்கா, அய்யா காலுல மூணு அட்டை குடியேறிருச்சு. வாடகை பேசிக்கிறச் சொல்லுங்க" என்றாள் பேச்சியம்மாள். பெண்கள் சிரித்தார்கள். அவர் உப்பைத் தேய்த்துவிட்டு மறுபடி வரைந்தார். உணவு நேரம் ஆயிற்று, தூக்குவாளிகள் திறந்தன. அவர் அப்போதும் அவள் சோறு பிசைகிற கையைப் பார்த்தார். பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இவரு என்ன கைரேகை பாக்கறவரா?" என்று என்னிடம் கேட்டாள். இல்லை, விளையாட்டு செய்கிறவர், இளவயசிலிருந்து அதுதான் வேலை, இப்போது எழுபத்தொன்று என்று சொன்னேன். பிசைந்த கை அப்படியே நின்றது. அவரை இரக்கத்தோடு ஏறிட்டுப் பார்த்தாள். "இந்த வயசுலயும் வெளையாட்டா? போய்ச் சோலியப் பாருய்யான்னு வீட்டுல யாரும் வைய மாட்டாங்களாக்கா?"

பேச்சியம்மாள் ரிமோட்டைக் கீழே வைத்தாள்

ஐப்பசியில் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. இந்தக் காயெடுப்புக் காலம் முடிவதற்குள் விளையாட்டின் முதல் கட்டத்தைச் செய்து காட்ட வேண்டும். விளையாடிப் பழக்கமே இல்லாதவர்கள் அதை முடித்துக் காட்ட வேண்டும். அதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விளையாட்டை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், செகிமோட்டோவும் ஓய்வெடுத்துக்கொள்ளலாம். மரியாதையான கடிதம். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அதே சட்டையைப் போட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சியம்மாளும் அவளோடு மூன்று பெண்களும் வந்தார்கள். ஆட்டம் எளிது. திரையில் வெயில் சாய்வதற்குள் செடிகளில் உள்ள காயையெல்லாம் எடுத்து இடுப்புப் பையை நிரப்ப வேண்டும். பை நிரம்பினால் மேலே போகிற பாதை திறக்கும். பேச்சியம்மாள் ரிமோட்டு என்று சொல்லியே கன்ட்ரோலரை வாங்கினாள். அஞ்சே நிமிஷத்தில் பழகிக்கொண்டாள். திரையில் ஓடிய விரல்கள் அவளுடைய விரல்களேதான். "ஏத்தா, என் கையைக் களவாண்டு வச்சிருக்காரு பாரு" என்று மற்றவர்களிடம் காட்டினாள். பை பாதி நிரம்பியது. அங்கே நிறுத்திவிட்டாள்.

"இன்னும் காய் இருக்கே அத்தை" என்றாள் யாழினி.

"இருக்கு. அது பிஞ்சு."

"பரவால்ல, அதையும் எடுங்க. பை நெறையணும்ல?"

பேச்சியம்மாள் அவளைப் பார்த்த பார்வையை நான் தமிழாக்கத் தேவையிருக்கவில்லை. ரிமோட்டைத் தரையில் வைத்து, மடியில் கையைக் கட்டிக்கொண்டாள். திரையில் வெயில் சாய்ந்தது. பாதை திறக்கவில்லை. அடுத்த மூன்று பேரும் அதே இடத்தில், அதே பாதிப் பையோடு நிறுத்தினார்கள். எப்போதும் போலக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த செகிமோட்டோவுக்குப் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எட்டுக் கைகளும் மடியில் கிடந்தன. ஏன் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "பிஞ்சையும் சேத்து உருவிட்டா, அடுத்த சுத்துக்கு எந்த மொகத்தோடக்கா இந்தச் செடிகிட்ட வந்து ஒக்காருறது?"

குளத்தைக் காலி செய்தவர்

அதன் பிறகு ஒரு வாரம் அவர் இட்லி மட்டும் சாப்பிட்டார். யாழினி சும்மா இருக்கவில்லை. தெருவிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்களைக் கூட்டிவந்தாள். அவர்கள் பிஞ்சு, பூ எல்லாவற்றையும் உருவி எட்டு நிமிஷத்தில் பாதையைத் திறந்துவிட்டுக் கைதட்டினார்கள். படம் பிடித்தாயிற்று. அனுப்ப ஒரு பொத்தான்தான் பாக்கி. செகிமோட்டோ அந்தப் படத்தை இரண்டு முறை பார்த்தார். அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் யாழினியோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். மேற்கே மலை நீலமாகிக்கொண்டிருந்தது. "என் கொக்கு விளையாட்டில் குளத்தில் ஒரு மீன் மிச்சம் இருந்தாலும் அடுத்த குளம் திறக்காது. பிறகு செய்தவை எல்லாமே அப்படித்தான். ஒன்றையும் மிச்சம் வைக்காதே என்று எத்தனையோ குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. என் வயதுக்காரர்கள் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதலில் பாதி பொய் என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும். இட்லிப் பொடியில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டபடியே, "அடுத்த சுற்று என்றாளே அந்த அம்மா, அது எத்தனை நாள் கழித்து?" என்று கேட்டார். நாற்பது நாள் ஆகும் என்றேன். கை கழுவாமலே நோட்டை எடுத்தார். தாளில் எண்ணெய்க் கறை, அதன் மேலேயே கட்டம் கட்டமாக எழுதினார். எட்டிப் பார்த்த யாழினிக்கு முகம் வெளுத்துவிட்டது. அதுவரை எழுதிய புரோகிராம் மொத்தத்தையும் அவள் பிரித்துப் போட வேண்டும். என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "பெரியம்மா, நாலு நாள்னு ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

மறதிக்காரர் வைத்த பரீட்சை

மூன்று வாரம் அந்த வீட்டில் டீயும் விசைப்பலகைச் சத்தமும்தான். புது மாதிரி தயாரானது. விளைந்த காயை மட்டும் எடுத்தால் பாதை திறக்கும். பிஞ்சு செடியிலேயே நிற்கும். அது விளைய நிஜமான நாற்பது நாள். இடையில் வரலாம், உட்காரலாம்; பனி போகும், பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

நிறுவனத்துத் தலைமை அதிகாரி திரையில் வந்தார். செகிமோட்டோவின் வயதில் பாதிகூட இராது. பேச்சில் மரியாதை குறையவில்லை, ஆனால் ஒப்பவும் இல்லை. நாற்பது நாள் யார் காத்திருப்பார்கள், நாற்பது நிமிஷம் காத்திருக்கவே ஆள் இல்லையே என்றார். செகிமோட்டோ வாதாடவில்லை. மலையில் அவருக்கு ஒரு துண்டுத் தோட்டம் தருவதாகச் சொன்னார். அதற்கு அடுத்த துண்டு பேச்சியம்மாளுக்கு. நடுவில் வேலி கிடையாது. அவருடையது அவர் அலுவலக இயந்திரத்தில், அவளுடையது போடி வீட்டில். நினைவூட்டல் எதுவும் வராது. அவர் வந்து போகிறாரா என்று நாங்கள் இங்கிருந்து வேவு பார்க்கவும் முடியாது. அதிகாரி சிரித்துவிட்டார். "சரி. நாற்பது நாள் கழித்து நானாக ஞாபகம் வைத்துத் திரும்பிப் போனால் வேலை தொடரட்டும், போகாவிட்டால் நிறுத்திவிடுவோம். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு என் மனைவியின் பிறந்தநாளே ஞாபகம் இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை

ஒரு புதன்கிழமை இரண்டு பேரும் தங்கள் தங்கள் துண்டில் முதல் காயெடுப்பு முடித்தார்கள். அதை முதல் நாளாக வைத்து எண்ணிக் காத்திருந்தோம். பேச்சியம்மாள் ஞாயிறுதோறும் வருவாள். "வெளையாட வரல, பாத்துட்டுப் போறேன்" என்பாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்து சரத்தைச் சரமாகப் பார்ப்பாள். அடுத்த துண்டையும் ஒரு பார்வை பார்த்துவைப்பாள்.

நாற்பதாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து அதிகாரியின் துண்டில் காய் திரண்டு பளபளவென்று நின்றது. மத்தியானம் ஆயிற்று. ஆள் வரவில்லை. மூன்று மணிக்குப் பேச்சியம்மாள் வந்தாள். யாழினி திரையைப் பார்க்கச் சகிக்காமல் டீ போடப் போனாள். நானும் பின்னால் போனேன். டம்ளர்களோடு திரும்பி வந்தபோது பேச்சியம்மாள் தன் துண்டை முடித்துவிட்டு, அடுத்த துண்டின் கடைசிச் செடியில் இருந்தாள்.

"அத்தை! அது அவரு தோட்டம்!"

"தெரியும். அவரைத்தான் காணோமே. பழுத்து வெடிக்கிற பதத்துல நிக்குது, ரெண்டு நாள் விட்டா அணிலுக்குத்தான். பாத்துக்கிட்டே சும்மா எந்திரிச்சுப் போகச் சொல்றியா?"

யாழினி டம்ளரை வைத்துவிட்டு அழுதேவிட்டாள். இனிமேல் அந்த மனிதர் ஞாபகம் வந்து திரும்பினாலும் பார்ப்பதற்குக் காய் ஏது? பரீட்சையே கெட்டது. செகிமோட்டோ மட்டும் அசையவில்லை. "எடுத்த காயை எந்தப் பையில் போட்டாள்?" என்று கேட்கச் சொன்னார். பேச்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு காயி, அவரு பையிலதான். என்னைய என்னன்னு நெனச்சாரு?"

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யாழினி ஓடி வந்து என் கதவைத் தட்டினாள். ஜப்பானில் அப்போது அலுவலக நேரம். அதிகாரியிடமிருந்து செய்தி, வணக்கம்கூட இல்லை. "நேற்று கட்டடம் பூட்டியிருந்தது. இன்று முதல் ஆளாக வந்தேன். என் செடியில் கை வைத்தது யார்?" அந்த வீட்டுக்கு நாங்கள் போனபோது செகிமோட்டோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்வார், செய்தியை மறுபடி படிப்பார், மறுபடி சிரிப்பார். நாற்பதாம் நாள் விடுமுறை நாளில் விழும் என்று நாலு படித்த பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யாழினி நடந்ததை மறைக்காமல் எழுதினாள். அரைமணியில் பதில் வந்தது. பை நிறைந்திருப்பதை இப்போதுதான் கவனித்தாராம், பிஞ்சு ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்த்தாராம், வேலை தொடரட்டும், அடுத்த சுற்றுக்குத் தானே வருவதாகவும், அந்த அம்மாவை ஒரு நாள் பொறுக்கச் சொல்லும்படியும் கேட்டிருந்தார்.

அதைப் பேச்சியம்மாளிடம் அப்படியே சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "வரட்டும், நல்ல மனுசந்தான். ஆனா ஞாயித்துக்கிழமை லீவுன்னு அந்தச் செடிகிட்ட யாருக்கா சொன்னது?"

அதிகாரியின் பதிலுக்கு அடியில் எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. காய் விளையாத நாட்களிலும் அந்த மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்த் தோட்டத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் பெண்கள் பேசுவதையெல்லாம் யாழினியின் ஜப்பானிய மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறார். மூடுபனியில் கையைக் காணோம் என்ற பெண்ணுக்குப் பிறகு கை கிடைத்ததா என்று கேட்டிருந்தார். கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். இரண்டாவது வரிக்குக் கை ஓடியதை அடக்கிக்கொண்டேன்.

நாற்பது நாள் வேறு வேலையே இல்லாத ஒருவர் அகப்பட்டால் நாம் எழுதியதையும் படிக்க ஆள் உண்டு என்பதுதான், என் சொந்தக்காரர்களே, இரண்டு உத்தியோகம் பார்த்து நான் கண்டுகொண்டது.